வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடுமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் எட்டு வருடப் பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட் ஒன்று 55 லட்சத்துக்கு வருகிறது. கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன் போடலாம். 16,000 ரூபாய் வாடகை வரும், இஎம்ஐயை அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார் புரோக்கர். இறங்கலாமா? அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்? பதினோரு மாத அக்ரிமெண்ட் போட்டால் போதுமா?

பதில்: ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுவிடுவோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 55 லட்சத்துக்கு இதுவே 4,95,000 ரூபாய். ஆக, ஃபிளாட்டின் அடக்கவிலை 60 லட்சம். உங்கள் 20 லட்சம் போக 40 லட்சம் கடன். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு இஎம்ஐ ஏறத்தாழ 34,700. வாடகை 16,000. பாதிகூடத் தேறவில்லை! மாதாமாதம் 18,700 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும்.

அந்த 16,000மும் பன்னிரண்டு மாதமும் வராது. ஒருவர் காலி செய்தால் பெயிண்ட் அடிக்க வேண்டும், புரோக்கர் கமிஷன் கொடுக்க வேண்டும், வீடு ஒரு மாதமாவது சும்மா கிடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி வேறு. 1,92,000 ரூபாய் வருட வாடகையில் ஒன்றரை லட்சம் நின்றால் நல்லது. போட்ட 60 லட்சத்துக்கு அது இரண்டரை சதவீதம். பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும். எனவே வாடகையை நம்பி இதை வாங்காதீர்கள். கட்டடம் பழசாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். உங்கள் பெயரில் எத்தனை சதுர அடி யூடிஎஸ், அதாவது மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு, எழுதித் தருகிறார்கள் என்று கேளுங்கள். அது திருப்தியாக இருந்து, மாதம் 19,000 வெளியே போனாலும் வீட்டுச்செலவு இடிக்காது என்றால் பார்க்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று இரண்டையும் வக்கீல் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

வருமான வரியில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் காட்டாமலே கழிக்கலாம். அப்புறம் கடன் வட்டி. முதல் வருட வட்டியே மூன்று லட்சத்துக்கு மேல் வருவதால் வாடகைக்கு வரி விழாது. மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்தில் 2 லட்சம் வரை கழிப்பது பழைய வரி முறையில்தான் நடக்கும், புதிய முறையில் நடக்காது. ஃபிளாட் விற்பவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, அக்ரிமெண்டுக்கு வருவோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம்தான் பதினோரு மாதம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். அட்வான்ஸுக்கு அந்தச் சட்டம் காட்டும் அளவு மூன்று மாத வாடகை, அதோடு நிறுத்துங்கள். சென்னையில் பத்து மாதம் வாங்கியவர்கள் உண்டு. வாங்கும்போது இனிக்கும். ஆனால் அது கடன். இஎம்ஐயில் கரைத்துவிட்டு, திருப்பித் தர அடுத்தவர் வரும்வரை காத்திருந்தால் சண்டைதான். வாடகை பாக்கி என்று கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்துவதும் கூடாது, தப்பு உங்கள் மேல் திரும்பிவிடும்.

சாவி கொடுக்கும் அன்று நீங்களும் குடிவருபவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து குழாய், கதவு, சமையலறை டைல்ஸ், சுவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அங்கேயே வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புங்கள். ஈபி மீட்டரையும் சேர்த்து. என் வீட்டுக்கு முதலில் குடிவந்தவர் ஈபி கணக்கெடுப்பு முடிந்து நாற்பது நாள் கழித்துக் காலி செய்தார். நல்ல மனிதர், கைகுலுக்கி, அட்வான்ஸை முழுதாகக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த இருபதாவது நாள் இரண்டு மாத பில் வந்தது, இரண்டு ஏசி ஓடிய பில். போன் செய்தேன், எடுக்கவில்லை. இப்போதெல்லாம் மீட்டர் ரீடிங்கைக் குறித்த பிறகுதான் செக் புத்தகத்தைத் திறக்கிறேன்.