பார்த்த பிறகும் பைக் ஏன் கண்ணில் படுவதில்லை?
"பார்த்துத்தான் திரும்பினேன், பைக்கைக் காணவே இல்லை" என்று கார் ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. பார்வை அந்தப் பக்கம் போயும் மூளையில் பதியாமல் போவதுதான் இது. முன்னிருந்து பார்த்தால் பைக்கின் அகலம் காரில் பாதிகூட இல்லை. நீட்டிய கட்டைவிரல் தூரத்து ஆளை மறைப்பதுபோல, முன்கண்ணாடி ஓரத் தூணே அதை மறைத்துவிடும். இரு வண்டிகளும் ஒரே சந்திப்பை நோக்கிச் சீரான வேகத்தில் வந்தால் அந்த மறைவு விலகாமல் கூடவே வரும். நேரே வரும் பைக்கோ அசையாத புள்ளியாகத் தெரிந்து, கிட்டே வந்ததும் சட்டென்று பெரிதாகும். காரில் இருப்பவர் தலையை ஒரு சாண் முன்னே நகர்த்திப் பார்க்கலாம். பைக்கில் வருபவர் தன் தடத்துக்குள்ளேயே சற்று இடம் மாறினால், அந்த அசைவு கண்ணை இழுக்கும். ஹைபீம் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும் என்பது தவறு: கண் கூசினால் தூரமும் வேகமும் பிடிபடாது.