ஆசைப்பட்ட உறைவிடப் பள்ளி கிடைக்கவில்லை. கிடைத்ததில் மகனுக்கு மனம் ஒட்டவில்லை. எப்போது சரியாகும்?

கேள்வி கேட்ட அம்மா எழுதியிருப்பது இவ்வளவுதான்: மகன் ஒரு வருடம் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் படித்தான், பட்டியலில் பெயர் வரவில்லை, வேறொரு உறைவிடப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்தார்கள், இரண்டு மாதமாகியும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தாலே அழுகிறான்.

எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. இந்த நாள்தான் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. பொங்கலுக்குப் பிறகு எப்போதோ.

அப்பா மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் ஹவில்தார். பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும், அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறதே, அந்தப் பெரிய ராணுவ வளாகம். 1780இலிருந்து கணக்குச் சொல்வார்கள். அங்கே சிப்பாய்களுக்குத் 'தம்பி' என்று பெயர். வடநாட்டு அதிகாரிகூட 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை. அவருடைய ஒரே கனவு, நான் ஓசூர் ரோடு பக்கம் இருக்கும் மிலிட்டரி ஸ்கூலில் சேர வேண்டும் என்பது. இப்போது ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூல் என்கிறார்கள். 1946இல் தொடங்கியது, ஜவான்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. படித்து வந்தவர்கள் தங்களை 'ஜார்ஜியன்' என்று சொல்லிக்கொள்வார்கள், பழைய பெயரில் கிங் ஜார்ஜ் இருந்த வாசனை. 'சீலம் பரம் பூஷணம்', அதாவது ஒழுக்கமே உயர்ந்த அணிகலன் என்ற அவர்களுடைய வாசகத்தை நான் ஐந்தாம் வகுப்பிலேயே நோட்டு அட்டையில் எழுதி வைத்திருந்தேன். பட்டியலில் என் பெயர் வராத பள்ளியின் வாசகம். அந்த நோட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பரணில் போட்டேன்.

எழுத்துத் தேர்வு தேறினேன். கடைசிப் பட்டியலில் இல்லை. யார் மேலும் தப்பில்லை, என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருந்தார்கள்.

அந்த வருடம் அப்பா ஓய்வுபெற்று, ராணுவ இடங்களைக் காவல் காக்கும் டி.எஸ்.சி.யில் சேர்ந்து ராஜஸ்தான் பக்கம் போனார். பாட்டிக்கு உடம்பு முடியாமல் போக, அம்மா குடியாத்தத்துக்குப் போக வேண்டியதாயிற்று. என்னை எங்காவது வைக்க வேண்டும். சித்தப்பா விசாரித்துக் கொடுத்ததுதான் கனகபுரா ரோட்டில், ஹாரோஹள்ளியும் தாண்டி, ஒரு டிரஸ்ட் நடத்தும் போர்டிங் ஸ்கூல். பெயர் வேண்டாம். 2000 ஜூனில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பெட்டிங், ஒரு வாளியோடு இறக்கிவிட்டார்கள்.

முதல் பிரச்சினை கன்னடம். பெங்களூர்ப் பையனாக இருந்தும் எனக்குக் கன்னடம் வராது. அப்பா போன ஊரெல்லாம் கேந்திரிய வித்யாலயா, அதனால் ஹிந்திதான் வரும். இரண்டாவது, முத்தே. ராத்திரிக்கு ராத்திரி தட்டில் ஒரு கேழ்வரகு உருண்டை, பக்கத்தில் சாரு. என் பாட்டியும் களி கிண்டுவார், ஆனால் வேலூர்ப் பக்கத்துக் களியில் நொய் இருக்கும், பல்லில் படும். இது வெறும் மாவு, வழவழவென்று. மெல்லக் கூடாது. விரலால் கிள்ளி, சாரில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் வாயெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு மாதம் மென்றுகொண்டே இருந்தேன்.

ஜூலை 30 ஞாயிறு ராத்திரி. காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். மறுநாள் பெங்களூர் அப்படியே நின்றுபோனது. நாற்பது வயது தாண்டிய பெங்களூர்த் தமிழர் யாரைக் கேட்டாலும் அந்த வாரம் எங்கே இருந்தார், வீட்டில் அரிசி இருந்ததா இல்லையா என்று சொல்வார். அதற்கு ஒன்பது வருடம் முன்னால் காவிரிக் கலவரம் பார்த்தவர்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு எங்களுக்கு விசிட்டிங் சண்டே. அம்மா வரவில்லை, தாத்தா விடவில்லை. டார்மிட்டரியில் நான் ஒருவன்தான் தமிழ். "உங்க ஆளுதானே புடிச்சுட்டுப் போனான்" என்று ஒருவன் ஆரம்பித்தான். தமிழர்களை மட்டமாகச் சொல்லும் 'கொங்கா' என்ற பெயர் அன்றைக்கு ஒட்டியது. இரண்டு நாள் கழித்துப் படுக்கப் போனால் போர்வை தொப்பலாக நனைந்திருந்தது. பதினோரு வயதுப் பையன்கள், ராஜ்குமார் அவர்களுக்குச் சாமி மாதிரி. இன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. அன்றைக்கு இருந்தது.

ஞாயிறு காலை கடிதம் எழுதும் நேரம். இன்லேண்ட் லெட்டரை ஒட்டாமல் வார்டனிடம் கொடுக்க வேண்டும், அவர் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். நான் எழுதியது தமிழில். அவர் கன்னடக்காரர். "ஏனு பரெதித்தீயா? ஓது" என்பார். என்ன எழுதியிருக்கிறாய், படி என்று. நானும் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் "நானு சென்னாகிதீனி, ஊட்டா சென்னாகிதே" என்று வாசிப்பேன். நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு. காகிதத்தில் இருந்தது வேறு: அம்மா, முத்தே தொண்டையில் இறங்கவில்லை, போர்வையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், வந்து கூட்டிக்கொண்டு போ, இல்லாவிட்டால் ஓடி வந்துவிடுவேன். அவர் தலையாட்டி வாங்கிக்கொள்வார்.

அந்தக் கடிதத்துக்கு அடுத்த நாள் சாயங்காலம் வார்டன் என் கட்டிலைத் தன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். பிறகு கையிலிருந்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சைக் கழற்றிக் கொடுத்து, நாளையிலிருந்து பெல் நீ என்றார்.

பெல் என்றால் பெல் இல்லை. மெஸ்ஸுக்கு எதிரே ஒரு புளியமரம், அதில் ஒன்றரை அடித் தண்டவாளத் துண்டு தொங்கும். கட்டிய சங்கிலி மரப்பட்டைக்குள்ளேயே புதைந்துபோயிருந்தது, எந்தக் காலத்தில் கட்டினார்களோ. அடிக்க ஒரு இரும்புக் கம்பி. விடிகாலை ஐந்தரைக்கு எழுப்பும் அடி விடாமல் அடிப்பது. மெஸ்ஸுக்கு இரண்டிரண்டாக. சாயங்காலம் படிக்க உட்காரும் பிரெப்புக்கு ஒற்றை ஒற்றையாக. கம்பியை இறுக்கிப் பிடித்தால் முழங்கை வரை ஜிவ்வென்று ஏறும், சத்தமும் செத்துவிடும். லூஸாகப் பிடித்து மணிக்கட்டால் வீச வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, உள்ளங்கை கொப்பளித்த பிறகு தானாக வந்தது.

வாட்ச் சாவி கொடுக்கும் வகை. ஐந்து மணிக்கு எழுந்து முதல் வேலை அதற்குச் சாவி கொடுப்பது. வார்டன் அறை ரேடியோவில் மணியடிக்கும்போது வரும் பீப் சத்தத்துக்கு முள்ளைச் சரிபார்ப்பேன். இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அதுவரை எனக்கு நேரம் என்பது எண்ணிக் கழிக்கும் சமாச்சாரம். தசராவுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாள், நாற்பத்தொன்பது நாள். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைந்தால் ஒரு நாள் போனது என்று கணக்கு. வாட்ச் கைக்கு வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட நேரமில்லை. அடுத்த பெல்லுக்கு இருபத்துமூன்று நிமிடம் இருக்கிறது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. இருநூறு பையன்கள் எழுந்திருப்பதும் சாப்பிடுவதும் என் கையில். 'கொங்கா' என்று கூப்பிட்டவனே வந்து "அஞ்சு நிமிஷம் லேட்டா அடிடா" என்று கெஞ்சினான். அடிக்க மாட்டேன் என்றேன். அதில் ஒரு சுகம் இருந்தது, மறைக்க என்ன.

நவம்பர் 15, 108 நாள் கழித்து ராஜ்குமார் விடுதலை. அன்றைக்கு மெஸ்ஸில் கூச்சல் கூரையைப் பிய்த்தது. நானும் கத்தினேன். என் பயம் அன்றைக்குத்தான் விட்டது.

கன்னடம் வந்த வழி ஜனவரியில் திறந்தது, அதுவும் அவரைக்காயால். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி அவரைக்காய் சீசன். ராத்திரி ஊறப்போட்ட கொட்டையை மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து பிதுக்குவோம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அமுக்கு, பருப்பு பச்சையாக வழுக்கி எகிறும், எதிரே இருப்பவன் கண்ணில் படும். விரலில் அந்த வாடை இரண்டு நாள் போகாது. அதற்கு அவர்கள் 'சொகடு' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், வாடைக்கு அத்தனை மரியாதை. பருப்புக்குப் பெயர் 'ஹிதுகித பேளே' என்றான் பக்கத்தில் இருந்தவன். குடியாத்தத்தில் இதையே பிதுக்கம் பருப்பு என்போம். பிதுக்கு, ஹிதுகு. சட்டென்று பொறி தட்டியது. பால் ஹாலு, பல்லு ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பன்றி ஹந்தி. நம்ம 'ப'வை எடுத்துவிட்டு 'ஹ' போட்டால் பாதிக் கன்னடம் ஏற்கெனவே எனக்குத் தெரியும்! அந்த உற்சாகத்தில் என் பாட்டியை 'ஹாட்டி' என்று சொல்லி டார்மிட்டரியே உருண்டு சிரித்தது. அஜ்ஜி என்று சொல்ல வேண்டுமாம். அந்தச் சிரிப்புக்கும் ஆகஸ்ட் மாதச் சிரிப்புக்கும் வித்தியாசம் எனக்கே தெரிந்தது.

மார்ச் முதல் தேதி. பிரெப் பெல் அடித்துவிட்டுத் திரும்பினால் வார்டன் புளியமரத்தடியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்து, தமிழில், சுத்தமான தமிழில் சொன்னார்: "எங்க ஊர்ல சங்கு நின்னுபோச்சுடா."

அவர் ஊர் கோலார் தங்கவயல். முதல் நாள், 2001 பிப்ரவரி 28, சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஓடியது, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவருடைய அப்பா அங்கே வேலை செய்தவர். ஷிப்டுக்கு ஷிப்ட் சங்கு ஊதும், அதை வைத்துத்தான் ஊரே அடுப்பு மூட்டும் என்றார். "இந்த ரோட்டுலயே போனா வருமே சிவனசமுத்திரம், அங்கேர்ந்துதான் 1902ல எங்க ஊருக்கு கரண்ட் வந்துது, தெரியுமா?" தங்கவயலில் தமிழ் தெரியாமல் யாரும் வளர முடியாது, தெருவெல்லாம் தமிழர்கள்.

எனக்கு சுரங்கமும் தெரியவில்லை, கரண்ட்டும் தெரியவில்லை. உள்ளுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடியது: அப்படியென்றால் என் கடிதம் எல்லாவற்றையும் இவர் படித்திருக்கிறார். நான் வாசித்த பொய் எல்லாவற்றையும் கேட்டு, தலையாட்டி, நிஜக் கடிதத்தை ஒரு வரி அடிக்காமல் தபாலில் போட்டிருக்கிறார். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு "ஓது" என்றார், வழக்கம்போல. எழுதியதை எழுதியபடியே வாசித்தேன்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருமுறை "பிடிச்சிருக்காப்பா?" என்று கேட்காதீர்கள். அம்மா அதைத்தான் கேட்பார், கேட்ட அடுத்த நொடி எனக்குக் கண் நிறைந்துவிடும். சித்தப்பா ஒருமுறை வந்து, "ராத்திரி இங்க நரி ஊளையிடுமாமே, நிஜமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினேன். கிடைக்காத பள்ளியின் பேச்சையும் வீட்டில் எடுக்க வேண்டாம். அந்த வருடம் தசரா லீவில் ஓசூர் ரோடு வழியாக பஸ் போனபோது நான் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். அவனுக்கே அது போதுமான அளவு வலிக்கும். முடிந்தால் வார்டனிடம் பேசி அவனுக்கென்று ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள். லைப்ரரிச் சாவி, செடிக்குத் தண்ணீர், மெஸ் நோட்டு, எதுவாக இருந்தாலும் சரி. அவன் செய்யாவிட்டால் நாலு பேருக்குக் குறை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். வீட்டு ஞாபகத்தில் அழுவது வேறு, அடி வாங்கி அழுவது வேறு. உடம்பில் காயம், சாப்பாடே இறங்காமல் மெலிவது, பேச்சு சுத்தமாக நின்றுபோவது என்று எதைக் கண்டாலும் 'பழகிடும்' என்று காத்திருக்காதீர்கள், போய்க் கூட்டி வந்துவிடுங்கள். எனக்குக் கிடைத்த வார்டன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

பின்னால் வேலையிடத்தில் இரண்டு ஜார்ஜியன்கள் பழக்கமானார்கள். அவர்களுக்கும் மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லையாம்.

எட்டாம் வகுப்பில், 2002 தசராவுக்கு அப்பா லீவில் வந்தார். கையில் ஒரு விண்ணப்பம். பிஜாப்பூர் சைனிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் ஆள் எடுப்பார்கள், இன்னொரு தடவை முயற்சி பண்ணலாம் என்றார். புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தோம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா நடுவில். நான் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தேன், எல்லாப் பக்கத்தையும். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போயிட்டா இதை யாருப்பா அடிப்பா?" என்றேன்.

அவர் தண்டவாளத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கை வாட்ச்சைப் பார்த்து, "மணி நாலு இருபத்தெட்டு. உனக்கு எப்ப பெல்?" என்றார்.

"உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் ஸ்லோப்பா" என்று சொல்லிவிட்டுக் கம்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.