மரியாளின் தோளில் ஒரு விரிசல்

அன்புள்ள சார்,

மெக்சிகோவில் வஹாகா போயிருந்த என் மகன், மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய கிறிஸ்துமஸ் குடில் ஒன்றை நவம்பரில் வாங்கி வந்தான். ஒன்பது உருவங்கள். இப்போது மரியாளின் தோளில் விரிசல். மாட்டுக்கு அடியில் தினமும் மாவு மாதிரித் தூள். பெட்டிக்குள் 'இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம்' என்று ஒரு சீட்டு வேறு. ஏமாந்துவிட்டோமா?

ஸ்டெல்லா

அன்புள்ள ஸ்டெல்லா,

ஏமாற்று அந்தச் சீட்டு மட்டும்தான். அந்தப் பக்கம் மரம் செதுக்குவது பழைய பழக்கம், சரி. ஆனால் இப்படிப் பளிச்சென்று வண்ணம் பூசி விற்கும் தொழில், போன நூற்றாண்டின் நடுவில் அர்ரஸோலா ஊர்க்காரர் மனுவேல் ஹிமெனெஸ் தொடங்கிவைத்தது. அவர் காலமானதே 2005-ல்தான். வயதைக் கூட்டிச் சொன்னால் விலையும் கூடும் அல்லவா!

விரிசலுக்கு மரம்தான் காரணம். அங்கே இந்த வேலைக்கு எடுக்கும் கொபால் மரத்தைப் பச்சையாகவே செதுக்குவார்கள். ஈரம் இருக்கும்வரை கத்திக்கு மெத்தென்று இடம் கொடுக்கும். செதுக்கி முடித்த பிறகுதான் காயவைப்பது. காயும்போது வெடிக்கும், மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, அதன் மேல் வண்ணம். உங்கள் மரியாள் முழுக்கக் காயுமுன்பே பெட்டிக்குள் போயிருப்பார். அதே வைத்தியத்தை நீங்களும் செய்யலாம்.

தூள் வேறு விஷயம், அது பூச்சி. கொபாலுக்கு இது தீராத தொல்லை. மாட்டை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். (மீன் இருந்தால் இரண்டு பை.) வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள், வேர்த்துவிடும், குளிர் முழுக்கப் போகட்டும். மற்ற எட்டையும் கறுப்புத் தாள் மேல் நிறுத்தி நாலைந்து நாள் பாருங்கள். மாடு இல்லாமல் குடில் எப்படி என்று கவலை வேண்டாம். மெக்சிகோவில் பல வீடுகளில் பிப்ரவரி 2 வரை குடிலைக் கலைக்க மாட்டார்கள். அதற்குள் மாடு திரும்பிவிடும்.

அப்புறம், ராஜாக்கள் கையில் இருக்கிறதே தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும், அவை வடியும் மரங்கள் கொபாலுக்குப் பங்காளிகள். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். கொபால் பிசினையும் அங்கே சாம்பிராணி போலப் புகைக்கிறார்கள். விரிசலை அடைப்பதற்கு முன் ஒருமுறை மோந்து பாருங்கள், வாசனை மிச்சம் இருக்கலாம்.