ஜெபிக்க முடியவில்லை என்றால் விசுவாசம் போய்விட்டதா?

அம்மா மாதக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார், ஜெபிக்க உட்கார்ந்தால் கடவுள்மேல் கோபம்தான் வருகிறது, சபையில் "விசுவாசக் குறைவு" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆன்மிகத் துணையாக இருப்பவராக, வேலை செய்கிறேன். அப்படிச் சொன்னவர்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஒருவர் இல்லவே இல்லை என்று நினைத்தால் அவர்மேல் யாரும் கோபித்துக்கொள்வதில்லை; உங்கள் கோபமே விசுவாசம் போகவில்லை என்று காட்டுகிறது. பைபிளில் சங்கீதம் 88-ஐ வாசித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது இருளோடே முடிகிறது. அதுவும் ஜெபம்தான். பைபிளில் பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. அப்புறம் விளக்கம் சொல்ல ஆரம்பித்துக் கெடுத்துக்கொண்டார்கள். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று முடிவில் கடவுள் கோபப்பட்டது அந்த நண்பர்கள்மேல்தான். (யோபுவும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார், அது வேறு கதை.)

சொந்த வார்த்தை வராதபோது அம்மாவுக்குப் பழக்கமான சங்கீதம் ஒன்றை அவர் காதருகே மெதுவாக வாசியுங்கள். அதுவும் முடியாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், போதும். "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று சொல்பவர்களிடம், "இன்று ராத்திரி அம்மாவோடு கொஞ்சம் இருக்க முடியுமா, நான் தூங்க வேண்டும்" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அம்மா மருத்துவமனையில் இருந்தால், அங்கே சாப்ளின் உண்டா என்று செவிலியரிடம் விசாரியுங்கள். கடவுளைத் திட்ட வேண்டும் போலிருந்தால் அந்தச் சாப்ளினிடம் சொல்லித் திட்டுங்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம்.