சீனாவின் ஆன்யாங் நகரத்துக்குப் போனால் யின்சூ அகழாய்வுத் தளத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் குறி கேட்ட எலும்புகளை முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஹெனான் மாகாணத்தின் வடகோடியில் இருக்கும் ஆன்யாங், பண்டைய ஷாங் வம்ச அரசர்களின் கடைசித் தலைநகர். சுமார் 3,300 ஆண்டுப் பழமை. போர், மழை, பிரசவம், ஏன், அரசரின் பல்வலிக்குக்கூட அங்கே குறி கேட்டார்கள். ஆமை ஓட்டிலோ மாட்டின் தோள்பட்டை எலும்பிலோ பின்பக்கம் சிறு குழிகள் குடைந்து சூடு வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விடும். அதைப் படித்துத்தான் பலன் சொன்னார்கள். கேட்ட கேள்வியையும் அதிலேயே செதுக்கி வைத்தார்கள். இன்றைய சீன எழுத்துக்கு மூதாதை அந்தக் கீறல்கள்தான். குனிந்து பார்த்தால் கருகிய தடம் தெரியும்.

அடுத்து ஃபூ ஹாவ் கல்லறை. வூ டிங் மன்னரின் மனைவி, படை நடத்தியவர். 1976இல் கண்டெடுத்தபோது திருடர் கை படாமல் இருந்தது, அங்கே அது அபூர்வம். வெண்கலம் மட்டுமே சுமார் 1.6 டன்.

ஆன்யாங்கில் கிடைத்த, 832 கிலோ எடையுள்ள பிரபல வெண்கலப் பாத்திரத்தின் அசலை இங்கே தேடாதீர்கள், அது பெய்ஜிங்கில் இருக்கிறது. 2024இல் திறந்த புதிய அருங்காட்சியகத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். மாகாணத் தலைநகர் ஜெங்ஜோவிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.