கேமுக்குள் எரியும் விளக்குக்கு நிஜ கரண்ட் செலவாகுமா? கேள்வி பதில்

கேள்வி: கேமில் ஓர் அறையின் விளக்கைப் போட்டால் நிஜமாகவே கரண்ட் கூடுதலாக இழுக்குமா?

பதில்: இழுக்கலாம், ஆனால் விளக்கு எரிவதற்காக அல்ல, கணக்குப் போடுவதற்காக. இந்தப் புள்ளியில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, நடுவில் ஏதாவது மறைக்கிறதா என்று கிராபிக்ஸ் சிப் புள்ளி புள்ளியாகப் பார்க்க வேண்டும். 1920×1080 திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள், நொடிக்கு 60 பிரேம் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) என்றால் 12 கோடியைத் தாண்டுகிறது. அத்தனைக்கும் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறித் திறந்து மூட மின்சாரம் வேண்டும், அது கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது.

ஆனால் நொடிக்கு இத்தனை பிரேம்தான் என்று கேமில் வரம்பு வைக்காமல் விளையாடினால் சிப் பெரும்பாலும் ஏற்கெனவே முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது புது விளக்கு வந்தால் வாட் ஏறாது, பிரேம்தான் குறையும். 60-க்கு வரம்பு வைத்திருந்தால்தான் அந்த விளக்கின் செலவு வாட்டில் தெரியும். அதனால் முதலில் வரம்பு வையுங்கள்.

கேள்வி: கேமில் சூரியன் இருக்கிறதே, அதற்கு நிறைய ஆகுமா?

பதில்: பிரகாசம் என்பது பெருக்கப்படும் ஓர் எண், அவ்வளவுதான். 10-ஆல் பெருக்கினாலும் 10,000-ஆல் பெருக்கினாலும் சிப்புக்கு ஒரே வேலை. செலவு வைப்பது நிழல்.

கேள்வி: பழைய கேம்களில் நூறு விளக்கு இருந்தும் சாதாரண கம்ப்யூட்டரில் ஓடியதே?

பதில்: நல்ல கேள்வி. 1996-இல் வந்த குவேக் என்ற கேமில் சுவர்களில் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியை, கேமை உருவாக்கும்போதே கணக்கிட்டு ஒரு படமாகச் சேமித்துவிட்டார்கள். நம் கம்ப்யூட்டர் அதைச் சுவரின் மேல் ஒட்டினால் போதும். அந்த விளக்குகளுக்கான கரண்ட் கேமைச் செய்தவர்களின் அறையிலேயே செலவாகிவிட்டது! மைன்கிராஃப்ட் கேமில் வரும் தீப்பந்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான்: வெளிச்ச அளவு 14, ஒரு கட்டம் தள்ளினால் 13, பிறகு 12. பந்தத்தை நடும்போது கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாகப் போடாது.

கேள்வி: இருட்டுக் குகையில் விளையாடினால் மிச்சமா?

பதில்: ஓஎல்இடி திரை என்றால் ஆம், அதில் புள்ளியே ஒளிர்கிறது, கறுப்புப் புள்ளி அணைந்திருக்கும். எல்சிடியில் மிச்சமில்லை.

கேள்வி: தவறு. என் எல்சிடியிலும் கறுப்பு கறுப்பாகத்தான் தெரிகிறது.

பதில்: ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை லேசாகச் சாம்பல் பூத்து நிற்கும், ஓரங்களில் இன்னும் வெளுப்பாக. அது பின்னால் எரியும் விளக்கு கசிவது. எல்சிடியில் இருக்கும் திரவப் படிகம் அந்த வெளிச்சத்தை மறைக்கிறதே தவிர அணைப்பதில்லை.

கேள்வி: பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் எல்சிடியும் இருக்கிறதே?

பதில்: சரி, அது நியாயம். அந்த வகைத் திரையில் மிச்சமாகும், நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சாதாரண எல்சிடிக்கு நான் சொன்னதில் மாற்றமில்லை.

கேள்வி: கேமில் டார்ச் அடித்தால் லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். வரம்பு வையுங்கள்.

கேள்வி: என் வீட்டு யுபிஎஸ் இதைத் தாங்குமா?

பதில்: யுபிஎஸ் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

கேள்வி: கேமை பாஸ் (pause) போட்டு நிறுத்தி வைத்தால் விளக்குச் செலவு நின்றுவிடுமா?

பதில்: பல கேம்களில் நிற்காது. உறைந்த அதே காட்சியை நொடிக்கு நூறு தடவை திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வரும்வரை ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும். மெனுவும் அப்படித்தான். அதற்கும் சேர்த்துத்தான் வரம்பு வைக்கச் சொல்கிறேன்.