அக்ரிலிக் மாற்றுக்கு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் அப்பா 1970களில் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பயனியர் ரிசீவரில் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) ஒரு பக்கம் ஒலி வரவில்லை. சென்னையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஒலியைச் சரிசெய்துவிட்டார், ஆனால் அலைவரிசை எண்கள் அச்சான முன்கண்ணாடியை உடைத்துவிட்டார். கேட்டால், ‘ஐம்பது வருடப் பழைய கண்ணாடி, தானாகவே விரிசல் விட்டது’ என்று சொல்லி, மரியாதைக் குறைவாகப் பேசினார். 16 மாதங்களாக ‘கண்ணாடி வருகிறது’ என்றார். இப்போது அக்ரிலிக்கில் எண்களை அச்சடித்துப் பொருத்தித் தருவதாகவும், கூலி 9,500 ரூபாயைக் கட்டி எடுத்துப்போகும்படியும் சொல்கிறார். அப்பா காலமாகிவிட்டார், அவர் நினைவாக எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மெக்கானிக் மீது மோசடிப் புகார் கொடுக்கலாமா? மூன்று லட்ச ரூபாய் இழப்பீடு கிடைக்குமா? பெட்டியைப் பெற்ற அன்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஒன்று என்னிடம் இருக்கிறது.
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் போகிற போக்கில் சொன்ன கடைசி வரிதான் உங்கள் வழக்கு. பெட்டி அவர் கைக்குப் போனபோது கண்ணாடி முழுதாக இருந்ததா என்பது ஒன்றே கேள்வி. அவரே எடுத்து அனுப்பிய படத்தில் அது முழுதாகத் தெரிந்தால், எப்படி உடைந்தது என்று விளக்க வேண்டிய பொறுப்பு அவருக்குப் போய்விடுகிறது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

பழுதுபார்க்கக் கொடுத்த பொருள் சட்டப்படி ‘ஒப்படைப்பு’, அதாவது வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று நம்பிக் கொடுத்தது. தன் சொந்தப் பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பாதுகாப்பாரோ, அப்படி அவர் பாதுகாத்திருக்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 151-ஆம் பிரிவு. ‘பழைய கண்ணாடி’ என்ற வாதம் உண்மையில் அவருக்கே பாதகமானது. இந்த வகைக் கண்ணாடிகளில் எழுத்துகள் பெரும்பாலும் பின்புறம் அச்சாகியிருக்கும். சுத்தம் செய்யும் திரவம் பட்டாலே உதிரக்கூடும். ஒட்டுப்பசையும் காலப்போக்கில் இறுகிப்போயிருக்கும், கழற்றும்போது நெம்பினால் விரிசல் விடும். பழைய ரிசீவர்களில் கை வைக்கிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். ஆனால், கழற்றும் முன்பே ‘உடையலாம், சம்மதமா?’ என்று அவர் கேட்டு நீங்கள் ‘சரி’ என்று பதில் அனுப்பியிருந்தால் வழக்கு வெகுவாகப் பலவீனமாகும். அப்படி ஒரு செய்தியோ குரல் பதிவோ இருந்தால், உங்கள் வக்கீலிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ரசீதின் பின்பக்கம் ‘சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருந்தாலும் கலங்க வேண்டாம். இழப்பீட்டைச் சொற்பத் தொகையாகச் சுருக்கிய சலவை ரசீது ஒன்றை, பொதுக்கொள்கைக்கு விரோதமானது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1960களிலேயே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட கூரியர் ரசீதில் இருந்த அதுபோன்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 1996-இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த ரசீதில் நீங்கள் கையெழுத்திட்டீர்களா என்று பாருங்கள்.

மோசடிப் புகார் வேண்டாம். கவனக்குறைவு மோசடி ஆகாது. ஏமாற்றும் எண்ணம் வேண்டும். காவல் நிலையத்தில் இது உரிமையியல் விவகாரம் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அதற்குள் அவர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார். அவர் பேசிய பேச்சையும் விட்டுவிடுங்கள். அப்பாவின் நினைவு எவ்வளவு பெரியது என்பது எனக்குப் புரிகிறது; ஆனால் அதற்கு விலை நிர்ணயிக்க எந்த நுகர்வோர் ஆணையத்திடமும் அளவுகோல் இல்லை. மன உளைச்சலுக்கு ஏதோ ஒரு தொகை தருவார்கள், அவ்வளவுதான். மூன்று லட்சத்துக்கு உங்களிடம் என்ன ஆதாரம்? வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் யாரோ போட்ட விலை, கேட்கும் விலை மட்டுமே. நீங்கள் உறுதியாகக் கேட்கக்கூடியது, அதே மாடல் கொண்ட வேறொரு செட்டிலிருந்து எடுத்த கண்ணாடியின் விலை, தபால் செலவு, சுங்க வரி, பொருத்தும் கூலி.

இப்போது அக்ரிலிக்குக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்கள் வழக்கைத் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தர வேண்டியதற்குப் பதிலாக வேறொன்றை நிறைவாக ஏற்றுக்கொண்டால், பழைய கடப்பாடு முடிந்துபோகலாம்; ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. அலுப்பில் ‘சரி, எதையாவது போட்டுக் கொடுங்கள்’ என்று ஒரு செய்தி அனுப்புவீர்கள். டெலிவரி ரசீதில் ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திடுவீர்கள். வீட்டில் பின்விளக்கை ஏற்றியதும் எண்கள் முள்ளோடு பொருந்தவில்லை என்று தெரியும். அதன்பிறகு உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிர்ச்சாட்சி. அக்ரிலிக்கை ஏற்பதாக இருந்தால் தற்காலிக ஏற்பாடு என்றே எழுதி ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த ரசீதானாலும் கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட, ‘அசல் முன்கண்ணாடி உடைந்த நிலையில், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் பெட்டியை எடுக்காமல் திரும்புங்கள். அன்றே அதை வாட்ஸ்அப்பில் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். உடைந்த துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள். எழுத்துகளின் அளவையும் இடத்தையும் பார்த்து மறு அச்சு செய்ய அவை தேவை. உடைப்பு எங்கிருந்து தொடங்கியது என்று காட்டவும் உதவும். வேறு மெக்கானிக் திருகாணியைத் தொடுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது காலவரம்பு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-ஆம் பிரிவுப்படி இரண்டு ஆண்டுகள். 16 மாதங்களை ‘வருகிறது, வருகிறது’ என்ற வாக்குறுதியிலேயே கழித்துவிட்டீர்கள். பேசிக்கொண்டிருந்தோம் என்பதற்காகக் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்தான், ஆனால் அதை நம்பி யாரும் இருக்கக்கூடாது. 2019 சட்டத்தின்படி திருச்சியிலேயே மனு கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

கூலியைக் கொடுக்காமல் பெட்டியைத் தூக்கிவரும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. ஒலியை அவர் சரிசெய்திருக்கிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

என் ஆலோசனை, சமரசம் செய்துகொள்ளுங்கள். 9,500 ரூபாயை அவர் விட்டுக்கொடுக்கட்டும். அசல் கண்ணாடி வாங்கும் செலவில் ஒரு தொகையைத் தன் பங்காகத் தரட்டும். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, யார் பொருத்துவது, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் ஒரே தாளில், இருவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும். கண்ணாடியைப் பொருத்தும் வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. இரண்டு வாரத்தில் அவர் உடன்படாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்கு மேல் காத்திராமல் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். மனு போட்ட பிறகும் ஆணையமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் கீழ் சமரசத்துக்கு அனுப்பக்கூடும். அங்கேயும் இதே நிபந்தனைகளையே கேளுங்கள்.